யாகோ காய் புதைத்த குழி

அம்மாவுக்கு ஒலுவோச் வணக்கம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். அருஷாவில் மழை.

திங்கட்கிழமை இங்கே, நம் நாடுகளுக்குப் பொதுவான வட்டார நீதிமன்றத்தில் அண்ணன் ஒடேராவின் வழக்கு வந்தது. கவலைப்படாதீர்கள், சிரிக்கும்படிதான் இருந்தது. சிப்பாய்கள் அண்ணனைப் பிடித்துப்போனது 1998இல். இந்த நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2000இல். அதற்கு முன்பே முடிந்துபோன குற்றத்துக்கு அது பொருந்தாது என்கிறது அரசுத் தரப்பு. ஆள் இன்னும் கிடைக்காததால் குற்றம் தொடர்கிறது என்றார் நம் வக்கீல்.

அரசு வக்கீல் எழுந்தார். "99லயே அடக்கம் பண்ணிட்டாங்களே ஐயா! போட்டோகூட இருக்கு."

எல்லாம் ரபூரு சித்தப்பாவின் வேலை. உடல் கிடைக்காவிட்டால் நம் வழக்கப்படி அதற்குப் பதிலாக யாகோ மரத்துக் காயையாவது புதைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆவி சுற்றும் என்று அவசரப்படுத்தினாரே! அவரை நான் மன்னிக்கப்போவதில்லை.

நீதிபதி என்னிடம் கேட்டார்: "அந்தக் குழிக்குள்ள யாருய்யா இருக்கா?"

"மரத்துல காய்ச்ச காய்ங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ உங்க அண்ணன்?"

"இன்னும் வீட்டுக்கு வரலைங்க."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் கொஞ்சம் ஏரிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். ஒருவனுக்காகச் சமைத்து அலுத்துவிட்டது.

உங்கள் வாக்குமூலமும் வேண்டுமாம். மகன் இறந்ததாக நம்பித்தானே தலையை மழித்தீர்கள் என்று கேட்பார்கள். வழக்குக்காகப் பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அண்ணனின் குடிலை வருடா வருடம் சாணம் போட்டு மெழுகுகிறீர்களே, அது யாருக்காக என்று மட்டும் சொல்லுங்கள்.

பள்ளி மணி அடித்துவிட்டது. பாடம் நடத்தப் போகிறேன்.

ஒலுவோச்