எர்த் ஒயர் இன்னும் மாட்டவில்லை

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். அங்கே உடம்பும் மனமும் நல்லபடியாக இருக்கின்றனவா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதிச் சுகம் என்று திருத்தி வாசித்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உன்னிடம் ஒன்றும் சொல்லக் கூடாதாம், சொன்னால் வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவாயாம். அதனால் அவர் பகலில் கண்ணயரும் நேரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மழை விட்டபாடில்லை, டிராக்டர் நிற்கும் கொட்டகையின் கூரை பழையபடி அதே மூலையில்தான் ஒழுகுகிறது. அந்த ஈரமோ எலியோ, எதுவென்று தெரியவில்லை, போன மாதம் உழுதுகொண்டிருந்தபோது டிராக்டரின் மீட்டர் பலகைக்குப் பின்னாலிருந்து புகை வந்திருக்கிறது. அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடிப்போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கியதால் வண்டி பிழைத்தது. திறந்து பார்த்தால் ஒயர்களின் மேலுறை தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்கிறது, நடுவில் ஒரு ஃபியூஸ்கூடக் கிடையாது. பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல டேப்பு சுத்தி ஒப்பேத்தாதீங்க, டீசல் டேங்க் பக்கத்துல உக்காந்துகிட்டு நெருப்போட விளையாடுறீங்க" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டேப்பு சுத்துறது உன் கடை வழக்கம்டா, நான் முழுசா மாத்துறேன் பாரு" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

அவர் வேலை செய்யும் முறை உனக்குத்தான் முதலில் தெரியும். பேட்டரியிலிருந்து எர்த் ஒயரைக் கழற்றி, அதை முடுக்கியிருந்த போல்ட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் ஒயர்களில் கரண்ட் ஓடாது. ஒயர் போட்டவர் கடைசியில் அதை மாட்டக் கூடாது. வேலையில் சேராத இன்னொரு ஆள் ஒவ்வொரு ஒயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்து, பேட்டரிக்கும் எர்த் ஒயருக்கும் நடுவில் சின்ன பல்பை வைத்து, எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது அது எரியாமல் இருந்தால்தான் போல்ட்டை முடுக்கலாம். எரிந்தால் எங்கோ கசிவு என்று அர்த்தம். அந்த இன்னொரு ஆள் எப்போதும் நீதான், அதனால்தான் உனக்கு இன்ஸ்பெக்டர் என்ற பெயரே வந்தது என்று இப்போதுதான் சொன்னார். இத்தனை வருடம் நீ எல்லாரையும் கேள்வி கேட்பதால் வந்த பெயர் என்றே நினைத்திருந்தேன். இந்த முறை போல்ட் என் கைக்கு வந்தது. பழைய ஒயரை ஒன்று எடுத்தால் உடனே அதே இடத்தில் புதியது ஒன்று, மொத்தமாகப் பிடுங்கவே இல்லை. இரும்பில் துளை உள்ள இடத்தில் ரப்பர் வளையம், சைலன்சர் பக்கம் போகாமல் கிளிப், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் பெட்டி. ஒவ்வொரு முனையிலும் நான் துணித் துண்டில் பெயர் எழுதிக் கட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றபோது, "ஏம்மா, அவ்வளவு தடி தடிப் புத்தகம் படிக்கிறியே, அதுல யாருக்கு யார் உறவுன்னு மறக்குறியா? இதுவும் ஒரு குடும்பம்தான், யார் வீட்லேர்ந்து யார் வீட்டுக்குப் போறாங்கன்னு பாரு" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று, அந்த வாரம் எனக்கு நன்றாக இருந்தது.

இனி எழுதவேண்டியதை எழுதத்தான் கை வரவில்லை. ஒரு நாள் வேலையின் நடுவில் டீ குடிக்க உள்ளே வந்தார். திரும்பிப் போனவர், எர்த் ஒயர் தொங்குவதைப் பார்த்து, தான் கழற்றியதையே மறந்து, ஆட்டத்தில் கழன்றுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஆணி டப்பாவிலிருந்து வேறு ஒரு போல்ட்டை எடுத்து முடுக்கியிருக்கிறார். அப்புறம் கரண்ட் இல்லை என்ற நினைப்பில், இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரில் ஸ்பேனரை வைத்திருக்கிறார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது ஸ்பேனர் கருகிக் கீழே கிடக்கிறது, அவர் கையை உதறிக்கொண்டு நிற்கிறார். இரண்டு விரலில் தோல் வெந்துவிட்டது, இப்போது ஆறிவருகிறது, பயப்படாதே. வலியைவிட அவருக்கு ஆத்திரம்தான். "யாரு மாட்டினது? உன்னை நம்பித்தானே போல்ட்டைக் குடுத்தேன்?" என்று கத்தினார். தான் மாட்டியது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்த முகத்தைப் பார்த்து நான் வேறென்ன சொல்வேன், நான்தான் மாட்டினேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் சில நாள் என்னோடு பேசவே இல்லை. பேசாவிட்டால் போகிறது, அது என் மேல் உள்ள கோபமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விரலுக்குக் கட்டுப் போடப் போன இடத்தில் டாக்டரிடம் தனியாகச் சொன்னேன். கொஞ்ச நாளாகவே கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுவது, பேட்டரிக் கடைக்காரரைச் செத்துப்போன உன் பெரியப்பா என்று நினைத்துச் சண்டை போடுவது, இதெல்லாம் உண்டு. வயது என்று நினைத்தேன். மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இது போன நினைவு திரும்பி வராத மறதியாம், மிச்சமிருப்பது மெதுவாகப் போகுமா வேகமாகப் போகுமா என்பதுதான் கேள்வியாம். உன்னிடம் மறைத்து என்னால் சோறு தின்ன முடியவில்லை. நான் உன்னைப் பெறவில்லை, ஆனாலும் இதைச் சொல்லும் பொறுப்பு எனக்குத்தான் இருக்கிறது.

ஒயர் வேலை முடிந்துவிட்டது. அழகாக வந்திருக்கிறது, உனக்கே பிடிக்கும். ஆனால் எர்த் ஒயரை மாட்ட விடமாட்டேன் என்கிறார். நான் பார்க்கிறேன் என்றால், "கூடவே இருந்து போட்ட கண்ணுக்குத் தப்பு தெரியாது" என்கிறார். பேட்டரிக் கடைக்காரர் தான் பார்ப்பதாகச் சொன்னதற்கு, "ஒயரை வித்தவனே நீ, நீ எங்க குறை சொல்லப் போற?" என்று அனுப்பிவிட்டார். இன்ஸ்பெக்டர்தான் வரவேண்டுமாம். அவர் தூங்கும்போது பேட்டரியையே கழற்றி ஆள் வைத்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன், இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பேட்டரி இல்லாததை அவர் இன்னும் கவனிக்கவில்லை. தினமும் காலையில் பல்பைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்றுப் போய்ப் பார்த்தால் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டு, ஆடாமல் இருக்க அடியில் ஒரு ஓட்டுச் சில்லை வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். இது எதற்கு என்று கேட்டேன். "அவளுக்கு பேட்டரி எட்டாதுல்ல, மேல ஏறி நின்னாத்தானே தெரியும்" என்றார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே நீ என்னைவிட உயரம்.

வாசலில் தண்ணீர் நிற்கிறது, வரும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அவருடையதும். போல்ட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, வந்ததும் அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிடாதே. அதன் மேல் ஏறி நின்று பார்.

இப்படிக்கு,
உன் சித்தி