ஈரல் வறுவலும் எலி மருந்தும்

மார்ச் 11, காலை 7:10

உறுதியானது: பூனையின் இரத்தத்தில் கால்சியம் 16.2. பதினொன்றைத் தாண்டக் கூடாது. ஆதாரம்: ஆய்வகக் கருவி. நம்பாமல் இரண்டாம் முறையும் ஓட்டினேன், அதே எண்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நிலவின் தென்முனையில் உள்ள இந்த நிலையத்தில் மூன்று பேர். எழுதுபவள் மருத்துவர் ரிஃபாயா. தலைவர் ஜெபமணியும் பண்டகப் பொறுப்பாளர் வடமலையும் பனி தோண்டும் குழிக்குப் போயிருக்கிறார்கள். வண்டியில் பத்து மணி நேர ஓட்டம். பூனையின் பெயர் கலெக்டர். எல்லோரையும் காக்க வைப்பதால் ஜெபமணி வைத்த பெயர். நெல் மூட்டைகளோடு வந்திறங்கிய எலிகளைப் பிடிக்கக் கொண்டுவந்தோம். ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை.

கலெக்டர் தண்ணீர்த் தட்டை விட்டு நகர்வதில்லை. போகிற இடமெல்லாம் சிறுநீர். மலம் கூழாங்கல்லாக இறுகிவிட்டது. தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றும்போது என் சட்டையில் வாந்தி எடுத்தது. பழைய மீன் நாற்றம். சட்டையை மாற்றிவிட்டேன், நாற்றம் போகவில்லை.

மார்ச் 11, முற்பகல் 11:40

கால்சியம் இப்படி ஏற வழிகள் சில உண்டு. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி தறிகெட்டால் ஏறும். புற்று இருந்தால் ஏறும். சிறுநீரகம் கெட்டாலும், உயிர்ச்சத்து டி மிஞ்சினாலும் ஏறும். நிலவில் எடை குறைவதால் மனித எலும்பும் கொஞ்சம் கரையும். பூனைக்குப் புற்று என்றுதான் முதலில் எண்ணினேன்.

பிறகு என் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தேன். 13.1. ஒரு வாரமாக எனக்கும் தாகம், மலச்சிக்கல், எதிலும் நாட்டமின்மை. வேலைக் களைப்பு என்று ஒதுக்கியிருந்தேன். பூனைக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் புற்று வராது. சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது.

வண்டியில் இருக்கும் ஜெபமணி அண்ணாச்சியோடு பேசியதன் பதிவு:

"அண்ணாச்சி, ரிஃபாயா பேசுறேன். ஒடம்பு எப்படி இருக்கு?"

"வெறும் வாய்வுதாம்மா. நாலு நாளா வெளிக்குப் போகல. நெஞ்செரிச்சல் மாத்திரைய மிட்டாய் மாதிரி சப்பிக்கிட்டு கெடக்கேன்."

"அதத் துப்புங்க. இப்பவே! அது முழுக்கக் கால்சியம்."

"துப்பிட்டா நெஞ்சு எரியுதத நீ வந்து அணைப்பியாக்கும்?"

வடமலை குறுக்கிட்டார்: "டாக்டரம்மா, அண்ணாச்சி ஓயாம தண்ணி குடிக்காவ. ஓயாம ஒண்ணுக்கும் போறாவ. வண்டிய நிறுத்தி நிறுத்தி எனக்கே மயக்கம் வருது."

"ஏலே, டாக்டர்ட்ட இதெல்லாமா சொல்லுவ? வெக்கங்கெட்ட பயல."

மார்ச் 11, பிற்பகல் 2:20

உறுதியானது: சாப்பாட்டுக்காக இங்கே தொட்டியில் வளர்க்கும் மீனின் ஈரலில் உயிர்ச்சத்து டி3, கருவி அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டி இருக்கிறது. சதையில் அதைவிடக் குறைவு. ஆனாலும் மிக அதிகம்.

ஜெபமணி தூத்துக்குடிக்காரர். ஈரலைத் தூக்கிப் போட மனம் வராது. மிளகாய்ப்பொடி தடவி வறுத்து, பாதியைத் தான் தின்று பாதியைக் கலெக்டருக்கு ஊட்டுவார். நான் சதை மட்டும் தின்றேன். வடமலை கவுச்சி தொடாதவர்.

இங்கே மீனுக்குத் தீனி புழு. புழுவுக்குத் தீனி எங்கள் கழிவு. கழிவில் என்ன போட்டீர்கள் என்று வடமலையைக் கேட்டேன்.

"வழக்கமானதுதாம்மா. நடுவுல செத்த எலி ஒரு வாளி போட்டேன். வீணாக்கக் கூடாதுல்லா?"

"புழுத்தொட்டில போடுறதச் சரிபார்க்குற மெஷின் ஒண்ணும் சொல்லலையா?"

"விஷம் கலந்திருக்கான்னு கேட்டுச்சு. இல்லன்னேன்."

"எலி எப்படிச் செத்துச்சு?"

"மருந்து வெச்சுத்தான்."

"பின்ன ஏன் விஷம் இல்லன்னு சொன்னீங்க?"

"விஷமா வெச்சேன்? எலி மருந்துல்லா வெச்சேன். டப்பாலயே அப்படித்தான் போட்டிருக்கு. மருந்துன்னதும் என்ன மருந்துன்னு மெஷின் கேட்டுச்சு. டி3ன்னு படிச்சுச் சொன்னேன். உயிர்ச்சத்து, அனுமதின்னு பச்சை விளக்கு போட்டுச்சும்மா."

எலியைக் கொல்வதையும் மருந்து என்கிறோம், நோயாளிக்குக் கொடுப்பதையும் மருந்து என்கிறோம். மெஷினுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவர்கள் நன்றாகத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். டி3 அளவோடு இருந்தால் எலும்புக்கு நல்லது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி எலியின் சிறுநீரகத்தைக் கல்லாக்கும். எலி என்று மட்டுமல்ல.

புழுத்தொட்டியின் மூடியைத் திறந்தேன். ஒரு வால் மிதந்தது. அதன் மேல் புழுக்கள் அரிசிக் கஞ்சி கொதிப்பதுபோல் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றைத் தின்ற மீனைத்தான் நேற்று எலும்பு வரை உறிஞ்சினேன். மூடியை மூடுவதற்குள் வாந்தி வந்துவிட்டது. தொட்டிக்குள்ளேயே எடுத்தேன். புழுக்கள் அதையும் தின்றன.

மார்ச் 12, காலை 7:45

கலெக்டர் இறந்துவிட்டது. அறுத்துப் பார்த்தேன். சிறுநீரகத்தில் கத்தி நறநறத்தது, மணல் சேர்ந்த ரொட்டியை வெட்டுவதுபோல. இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய் முட்டை ஓடுபோல் விறைத்திருந்தது. விரலால் அழுத்தினேன்; நொறுங்கியது. கையை எத்தனை முறை கழுவியும் துகள் ஒட்டியிருப்பதுபோலவே இருக்கிறது.

ஜெபமணி தின்றதும் அதே ஈரல்தான். அதற்கு மேல் மாத்திரைகள் வேறு. கால்சியத்தை இறக்கும் உப்புநீர் பாட்டில்கள் இங்கேதான் இருக்கின்றன. அவர் உடனே திரும்பினால் பிழைக்க வழியுண்டு.

"அண்ணாச்சி, நேத்துச் சொன்னேன், கேக்கல. இப்பவாவது வண்டியத் திருப்புங்க."

"லோடு ஏத்தாம வந்தா எவனாவது மதிப்பானா? நீ கலெக்டரப் பாரு. அவன் எப்படி இருக்கான்?"

"செத்துட்டான்."



"நாந்தானம்மா ஊட்டுனேன். வாயத் தொறந்து தொறந்து வாங்குவான்." பிறகு: "ஏலே வடமல, திருப்புலே வண்டிய."

முதலுதவிப் பெட்டியில் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்று வடமலையிடம் சொன்னேன். மாலை ஆறுக்கு எதிர்பார்க்கிறேன்.

மார்ச் 12, பிற்பகல் 1:30

என் அளவு 14.4. மீனை நிறுத்தியும் ஏறுகிறது. டி3 உடம்புக் கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் கசியும். கையில் உப்புநீர் ஏறுகிறது. வாயில் துருவின் சுவை. மேலே எழுதியதை வாசித்தேன். இரண்டு வரி நான் எழுதியதுபோலவே இல்லை.

வடமலையின் குரல்:

"டாக்டரம்மா, அண்ணாச்சிக்குப் புத்தி பிசகிட்டு. கடக்கரை வந்தாச்சு, எறங்கிக் குளிப்போம்னு கதவத் தொறக்கப் போனாவ. பிடிச்சுக் கட்டிப் போட்டேன். என்ன ஏசுத ஏச்சு இருக்கே! காது கூசுது."

"ஏசட்டும். ஏசுற வரைக்கும் நல்லது. தண்ணி கொடுத்துக்கிட்டே வாங்க."

மார்ச் 12, மாலை 4:50

"ஏச்சு நின்னுட்டும்மா. மூச்சு இருக்கு. நான் வாரேன். நீங்க தூங்கிராதீங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசித்தேன். பிறகு உறைத்தது. வெளிக்கதவு உள்ளிருந்துதான் திறக்கும். எப்போதும் ஒருவர் உள்ளே இருப்பார் என்று கட்டியிருக்கிறார்கள்.

கடைசி பாட்டிலை என் கையிலிருந்து கழற்றிவிட்டேன். பாதி இருக்கிறது. அது அவருக்கு. கதவடிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 12, மாலை

உறுதியானது: எதுவும் இல்லை.

ஆதாரம்: நான். இரண்டு முறை தூங்கிவிட்டேன். மூன்றாக இருக்கலாம்.

வெளியிலிருந்து தட்டியதில் கதவு அதிர்ந்ததுபோல் இருந்தது. எழுந்து போய்த் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைத்தேன். கை இன்னும் மடியில் இருக்கிறது.

நிலுவையில்: வண்டி. எதிர்பார்க்கும் நேரம் மாலை ஆறு.

கடிகாரம் ஆறே முக்கால் காட்டுகிறது. கதவு அதிர்கிறது.