லுபே வந்ததும் போர்வைக்குள்

மார்ச் 4, திங்கள்
துறைமுகத்தில் தர்பூசணி இறக்கும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன்; இன்று ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். கட்டிலுக்கு வெளியே பாதம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி இந்த ஆஸ்பத்திரியில் ராஜ உபசாரம்தான். மனைவி மெலேனாய்டெ சேப்பங்கிழங்கு இலையில் கறியைப் பொதிந்து தேங்காய்ப் பாலில் வேகவைத்த லூ கொண்டுவந்தாள். பக்கத்துக் கட்டில்காரரும் ஒரு கை பார்த்தார்.

மார்ச் 5
கட்டு மாற்ற, உடம்பு துடைக்க வந்த நர்ஸ் யாரென்று பார்த்தால் லுபே! என் சித்தப்பா மகள். எங்கள் டோங்கா வழக்கத்தில் சித்தப்பா மகளும் கூடப்பிறந்தவள்தான். பெரியவர்களான பிறகு அண்ணன் தங்கை ஓர் அறையில் சேர்ந்து உட்காருவதுகூட இங்கே வழக்கமில்லை; இவளிடம் தொடையைக் காட்டுவதா? போர்வையைக் கழுத்துவரை இழுத்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி, "அண்ணா, நான் போறேன்," என்று ஓடிவிட்டாள்.

மெல்போர்னிலிருந்து புதிதாக வந்திருக்கும் டாக்டர் கேலம் வந்தார்.

"ஏன் வேண்டாம்னீங்க?"

"அவ என் தங்கச்சி, டாக்டர்."

"ஃபாரத்துல கூடப்பிறந்தவங்க இல்லைன்னு போட்டிருக்கே?"

ஒரே வயிற்றில் பிறந்தவர்களைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து எழுதியது அது. அதை விளக்குவதற்குள் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதிவிட்டுப் போனார். ஐம்பத்தாறு வயதில் இந்தப் பெயர்! மனசு ரொம்ப வலித்தது.

மார்ச் 6
நாறுகிறேன்.

மார்ச் 7
இன்றும் கட்டு மாற்றாவிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்றார் டாக்டர். மெலேனாய்டெ தானே செய்வதாகச் சொன்னாள். ஆபரேஷன் புண்ணை வீட்டார் தொடக்கூடாதாம். இன்னொரு நர்ஸை அனுப்பினார். பெரியம்மா மகள். அடுத்தவள் என் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி மகள். ஒரே ஆண் நர்ஸும் லீவு.

"உங்க தங்கச்சியா இல்லாத நர்ஸ் இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

மெலேனாய்டெ எழுந்தாள். "உங்க அக்கா முன்னாடி நீங்க துணியில்லாம படுப்பீங்களா, டாக்டர்?"

அவர் காது சிவந்துவிட்டது. நான் மெதுவாக, "சொந்தமில்லாத ஆள்னா... நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க," என்றேன்.

டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினார். "தண்ணி சூடு போதுமா, செமிசி?" என்று கேட்டுக் கேட்டுத் துடைத்து, கட்டையும் மாற்றினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போகும்போது நேற்று முன்தினம் எழுதியதை அடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 9
ஃபாரத்தில் புதுக் கேள்வி: 'இங்கே வேலை செய்பவர்களில் உங்களுக்கு அண்ணன் தங்கை முறை யார் யார்?' பக்கத்துக் கட்டில்காரர் இரண்டாவது தாள் கேட்டு வாங்கினார்!

மார்ச் 17, ஞாயிறு
வீட்டில்தான், கைத்தடியோடு. சாப்பாட்டுக்கு டாக்டர் வந்தார். லுபேயும் வந்திருந்தாள்; அவள் அடுக்களையில், நாங்கள் கூடத்தில். வயிறு நிறைந்த சந்தோஷத்தில், "இனிமே நீ என் தம்பிடா!" என்று சொல்லிவிட்டேன்.

"அவசரப்படாதீங்க!" என்று மெலேனாய்டெ ஓடிவந்தாள். "உங்க தம்பின்னா ஆஸ்பத்திரியில இருக்கிற நர்ஸ் அத்தனை பேரும் இவருக்கும் அக்கா தங்கச்சி. நாளைக்கு இவர் காலை உடைச்சிக்கிட்டா யாரு துடைச்சுவிடறது?"

டாக்டர் வாய் நிறைய லூவோடு என்னைக் கைகாட்டினார்.

"அதான் அண்ணன் இருக்காரே."