பல்லால் கேட்கும் கம்பி

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன் நலமும் அண்ணியின் முழங்கால் நலமும் அறிய ஆவல். போனில் தட்டி அனுப்பினால் 'சரி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் பதினான்கு மாதம் துரத்திய ஆள் நேற்று நன்கொடைக்குச் சம்மதித்துவிட்டார். எங்கள் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு ஒலிக்கூடம் வரப்போகிறது. என் வேலையை 'நாற்காலியில் உட்கார்ந்து எடுக்கிற பிச்சை' என்பாயே, அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெரிய நன்கொடை தரக்கூடியவரிடம் முதல் மூன்று சந்திப்பில் எதுவும் கேட்கக் கூடாது. அவர் எதைப் பேசினால் முகம் மலர்கிறார், எந்தப் பேச்சு வந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று அன்றன்றே தேதி போட்டுக் கோப்பில் எழுதிவிட வேண்டும். நான்காவது சந்திப்பில் நேராகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு முதலில் வாய் திறப்பவர் அவராக இருக்க வேண்டும். நேற்று நான் வாய் மூடியிருந்த நேரத்தில் அவர் தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது.

மறைப்பானேன். அவர் உன் பழைய முதலாளி. கோபப்படுவதற்கு முன் முழுதும் படித்துவிடு.

அவர் முதலில் பேசியது உன்னைப் பற்றித்தான். "உங்க அண்ணன் எங்க பிரஸ் பிரிவுல இருந்தவர்தானே? இதுல அவருக்கு ஏதாவது கேக்குமா?"

கூடத்தில் ஒரு இரும்புக் கம்பி வைக்கிறோம். பல்லால் கடித்தால் எலும்பு வழியாகப் பாட்டு மண்டைக்குள் கேட்கும். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மாதிரிக் கம்பியை நானே கடித்துப் பார்த்தேன், கேட்டது. அதனால் "கேக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். இருபத்து நாலாம் தேதி அறிவிப்பு விழா. கம்பி மட்டும் அதற்குள் தயாராகிவிடும். முதலில் கடிக்கப்போவது நீ. சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வா.

உன்,
வாயாடி


மார்ச் 9

வாயாடிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்துக்கொள்.

முழுதும் படித்தேன், இரண்டு தடவை. கோபம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

இரும்புத் தகடு அடிக்கிற எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் பதினேழு வருடம் நின்றேன். இயர் பிளக் கேட்டதற்கு மேற்பார்வையாளர் பஞ்சை உருட்டிக் கையில் கொடுத்தார். இன்றைக்குக் காது போன பதிமூன்று பேர் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டில் நிற்கிறோம். எங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, நடிக்கிறோம் என்று முதலாளியின் வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ அவர் பெயரை ஒலிக்கூடத்து வாசலில் மாட்டப்போகிறாய். வேறு எந்தக் கூடமும் அகப்படவில்லையா உனக்கு? எலும்புக்கூடு, எரிமலை, எதற்காவது அவர் பெயரை வைத்துத் தொலைத்திருக்கலாமே.

இன்னொன்று. அந்தக் கம்பி எனக்குக் கேட்காது. காதின் வெளிப்பக்கம் அடைத்துப்போனவனுக்குத்தான் எலும்பு வழியாகக் கேட்கும். எனக்குப் போனது உள் நரம்பு. டாக்டர் படம் வரைந்து விளக்கினபோது நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய், யாரோ பணக்காரருக்குப் போனில் பிறந்தநாள் வாழ்த்து தட்டிக்கொண்டு. ஊரான் வீட்டு நாய்க்குட்டி பெயர் வரைக்கும் கோப்பில் எழுதுகிறவளுக்கு, சொந்த அண்ணனுக்குக் காது எந்த இடத்தில் போனது என்று தெரியவில்லை.

வரமாட்டேன்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

நானும் போடவில்லை. கவனித்துக்கொள்.

நரம்பு விஷயத்தில் நான் செய்தது தப்பு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் டாக்டர் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது யார்? உங்கள் பதிமூன்று பேருக்கும் மனு எழுதித் தந்தது யார்? அப்போது இந்த வாய் இனித்தது. நல்லவர்களிடம் மட்டும்தான் கை நீட்டுவேன் என்று நான் இருந்தால் எங்கள் கட்டடத்துக்கு வாசற்படிகூட வந்திருக்காது. வாரத்துக்கு நாற்பது பள்ளிக்கூடப் பேருந்து வருகிறது. வந்து இறங்குகிற பிள்ளைகளிடம் போய் உன் நியாயத்தைச் சொல்.

விழா அன்று நீ தலையாட்டினால் உடனே நன்கொடைக்குக் கையெழுத்துப் போடுவதாக உன் பழைய முதலாளி எங்கள் இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார். நீ வராவிட்டால் பதினான்கு மாத உழைப்பும் என் வேலையும் சேர்ந்து போகும். வா. கடி. கேட்கவில்லை என்றாலும் தலையை ஆட்டு. அரை நிமிடம். உனக்காக நான் எத்தனை அலுவலகத்தில், எத்தனை பேர் முன்னால் தலையாட்டியிருக்கிறேன். எனக்காக நீ ஒரு தடவை ஆட்டினால் தேய்ந்துவிட மாட்டாய்.

வாயாடி


மே 6

வாயாடிக்கு,

விழா அன்றைக்கு வந்தேன். கடித்தேன். இரும்பு ருசி தவிர ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தால் எதிரே நீ. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு அப்பா முன்னால் நிற்பாயே, அதே முகம். தலையை ஆட்டிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைகள்தான் தெரிந்தன.

நேற்று கோர்ட்டில் முதலாளியின் வக்கீல், விழாவில் நான் தலையாட்டியதை எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். அவர் பேசியதை எங்கள் வக்கீல் அம்மா துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார்: "கேக்குதுன்னு இவரே தலையாட்டுறாரு, பாத்துக்குங்க. மத்த பன்னிரண்டு பேரும் இதே ரகம்தான்." என்னோடு வழக்குப் போட்டவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை. அவர்களில் வெல்டர் மட்டும் என் பக்கத்திலிருந்து எழுந்துபோய் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் பதினைந்தாம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. 'கேட்கவில்லை என்றாலும் தலையை ஆட்டு' என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை அதைக் கோர்ட்டில் கொடுக்கப்போகிறேன். உன் வேலை போகும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீ என்னை அவருக்குக் கொடுத்தாய். நான் சொல்லிவிட்டுக் கொடுக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்குப் பதில் வேண்டாம்.

அண்ணன்


மே 8

அன்புள்ள அண்ணா,

கொடு.

அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியதே நான்தான். நன்றிக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். உறையில் நானே எச்சில் தொட்டு ஒட்டினேன். எதற்கு ஆகும் என்று யோசிக்கவில்லை. அந்த ஆள் என்னைத்தான் பதினான்கு மாதம் துரத்தியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

உன்னிடம் இருக்கிற என் கடிதம் மட்டும் போதாது. தங்கை அண்ணனுக்காக எழுதித் தந்தது என்று தள்ளிவிடுவார்கள். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்தது முழுவதும், என் பெயர், பதவி, கையெழுத்தோடு. கூடவே அவரைப் பற்றி நான் எழுதிவந்த கோப்பிலிருந்து ஒரு பக்கத்தின் நகல். மார்ச் 12 என்று தேதி இருக்கும், பார். நரம்பு பற்றிய உன் கடிதம் வந்ததும் மனசு கேட்காமல் அவரிடமே போய், "அண்ணனுக்கு உள் நரம்பு போயிடுச்சு சார், கம்பி கேக்காது" என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "அதனால என்னம்மா, தலையாட்டினா போதும்" என்றார். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்து, அப்படியே கோப்பில் எழுதி வைத்தேன். உனக்குத் தெரிந்தால் வரமாட்டாய் என்று உன்னிடம் மறைத்தேன்.

கோப்பை வெளியே எடுத்ததை நானே இன்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் மேஜையைக் காலி செய்யச் சொன்னார். ஒரு அட்டைப்பெட்டிகூட நிறையவில்லை.

வெள்ளிக்கிழமை வருவேன். வெல்டர் எழுந்துபோன இடத்தில் உட்காருவேன். நீயும் எழுந்துபோனால் போ.

நீ என்மேல் எவ்வளவு கோபப்பட்டாலும் தகும். ஆனால் எனக்கும் உன்மேல் ஒரு கோபம் இருக்கிறது, அது ஆறவே இல்லை. குடை எடுத்துப் போ என்றால் நனைந்து வருவாய். மாத்திரை போடு என்றால் சட்டைப்பையிலேயே வைத்திருப்பாய். பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் நீ செய்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் செய்தாய்?

உன்,
வாயாடி