நான்கு விரல் குறைவு

19 மே 1963, ஞாயிறு

கடும் வெயில். காற்று இல்லை.

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. என்னைத் தவிர இந்த நோட்டைத் திறக்க ஆளில்லை. கித்தானில் நேராகத் தைக்கிற கைதான், தாளில் மட்டும் நொண்டுகிறது. வயது அறுபத்தாறு. எழுதத் தொடங்கிப் பதினாறு மாதம். சின்ன வயதில் ஓதக் கற்றுக்கொண்டேன், எழுதக் கற்றுக்கொள்ளவில்லை. மேலே உள்ள ஆறு வரிக்கு அரை மணி. சந்தோஷமாக இருக்கிறது.

கற்றுக்கொடுத்தவர் டாக்டரம்மா. வராந்தாவுக்கு மறைப்புத் தைக்கப் போனேன், கூலியோடு ஒரு சிலேட்டும் கொடுத்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பாடம். ஏரவாடாவிலிருந்து சைக்கிளில் பாலம் தாண்டி, கேம்ப்பில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போவேன். டாக்டரம்மா என்று முழுதாக எழுத நேரமாகிறது. இனி டா.அ.

இன்று பாடம் நடக்கவில்லை. டா.அ. ஊருக்குப் போகிறார். கோயமுத்தூர். தம்பி வீட்டுக்கு. திரும்பி வரப்போவதில்லை. ஜூன் 9 கிளம்பி, காரிலேயே போகிறாராம்.

கார் பச்சை. சின்னது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கியது. மேலே தகரம் கிடையாது, துணிதான். வேண்டுமென்றால் மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அந்தத் துணி கிழிந்து தொங்குகிறது. மழைக்கு முன் புதுசு போட வேண்டும். பம்பாயிலிருந்து ரப்பர் பூசிய கித்தான் வந்துவிட்டது. நல்ல துணி, தொட்டுப் பார்த்தேன்.

"உங்களை விட்டா யாருங்க பாய்?" என்றார்.

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அவரை விட்டால் எனக்கு யார்? ஏரவாடாவில் எங்கள் வரிசையில் தமிழ் பேச ஆள் இல்லை. மனைவி பாத்தும்மா மவுத்தாகி நாலு வருஷம். மகன் பம்பாயில். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. போன மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டானாம்.

21 மே, செவ்வாய்

பழைய துணியைக் கழற்றினேன். முன்னால், கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டுகிற மரப் பட்டையில் நாற்பது ஆணி, பின்னால் அறுபதுக்கு மேல். எல்லாம் துரு.

டா.அ. வீட்டுப் போர்டிகோ தரையில் துணியை விரித்தேன். ஒவ்வொரு ஓரத்தையும் அளந்து, அந்த ஓரத்திலேயே சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

முன் ஓரம்: 47
வலது பக்கம்: 61
இடது பக்கம்: 61
பின் ஓரம்: 52
பின் ஜன்னல்: 22க்கு 7

எல்லாம் அங்குலம். நாற்பது வருஷமாக அளவை நூலில்தான் எடுப்பேன். துணியைத் தாங்குகிற மர வளைவுகள் மேல் நூலை இழுத்துப் பிடித்து, வளைவுக்கு ஒரு முடிச்சு. நூல் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இன்று அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

கண்பத் வந்தான். தச்சன், பக்கத்துச் சந்து. மர வளைவு பார்க்கக் கூப்பிட்டிருந்தேன். நான் குனிந்து எழுதுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "சாச்சா, தோரி குடே?" என்றான். நூல் எங்கே என்று மராட்டியில் கேட்கிறான். நோட்டைத் தூக்கிக் காட்டினேன். இனி உனக்கு கோர்ட்டில் வேலை கிடைக்கும் என்று சிரித்தான்.

23 மே, வியாழன்

மூன்று வளைவில் நடு வளைவு செல்லரித்துவிட்டது. கண்பத் வேல மரத்தில் புதிது செய்கிறான். முள் மரத்தில் கார் செய்தவன் நான் ஒருத்தன்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

டா.அ. வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகிவிட்டது. சாயா தம்ளரில் வந்தது. கோப்பைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாராம்.

வாங்க வேண்டியது: மெழுகு, பொடி ஆணி, ஊசி (தடித்தது 4), சைக்கிள் டியூப் பசை, உப்பு.

26 மே, ஞாயிறு

வெட்டித் தைத்தாயிற்று. ஊசி மூன்று உடைந்தது. பின் ஓரத்தில் எப்போதும் நான்கு விரல் மடிப்பு விடுவேன். இந்த முறை இரண்டு விரல் போதும் என்று விட்டேன். அளவுதான் எழுத்தில் இருக்கிறதே.

பாடம் உண்டு. டா.அ. சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோயமுத்தூரில் காற்று எப்படி, தண்ணீர் எப்படி. சிறுவாணித் தண்ணீர் கல்கண்டு மாதிரியாம். தாமிரபரணியைவிடவா என்றேன். "ஆரம்பிச்சுட்டீங்களா, உங்க திருநெல்வேலிப் பெருமையை" என்றார். நான் "வாரேம்மா" என்றால் அவருக்குச் சிரிப்பு. அவர் "வாங்க, போங்க" என்று நாய்க்கும் மரியாதை கொடுப்பது எனக்குச் சிரிப்பு. இப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு ஒருவர் சிரிக்க இந்த ஊரில் இன்னும் இரண்டு வாரம்.

29 மே, புதன்

பதினோரு மணிக்குப் புதுத் துணியை ஏற்றினேன். பின்னால் ஆணி அடித்து, வளைவுகள் மேல் இழுத்து, முன்னால் கொண்டு வந்தேன்.

எட்டவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்கு நான்கு விரல் குறைவு.

உடனே புரிந்தது. பழைய துணி பத்துப் பதினைந்து மழையில் நனைந்து காய்ந்து சுருங்கிய துணி. அதைத் தரையில் போட்டு அளந்திருக்கிறேன். காரை அளக்கவில்லை. காரின் மேல் நூலைப் பிடித்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும். தரையில் விரித்தால் எழுத வசதி. எழுதுகிற ஆசையில் விரித்தேன்.

வாய் நிறைய ஆணி. வேலை செய்யும்போது ஆணிகளை உதட்டில்தான் பிடித்திருப்பேன், ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுப்பேன். அப்போது டா.அ. வந்துவிட்டார். இடைவெளியைப் பார்த்தார்.

"துணி சரியில்லைங்களா பாய்? பம்பாய்க்காரன் ஏமாத்திட்டானா?"

தலையை ஆட்டினேன்.

"வேற துணி வரவழைக்கணுமா?"

அதற்கும் ஆட்டினேன். ஆணியைத் துப்பிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். துப்பவில்லை.

30 மே, வியாழன்

டா.அ. தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டார். பயணம் ஒரு மாதம் தள்ளி. துணிக் கடைக்கும் கோபமாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார்.

கூடுதலாக நாலு ஞாயிறு. விரல் விட்டு எண்ணினேன். வழியில் சிவாஜி நகர் போகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது காரணமில்லாமல் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது, ஒரு பெண் முறைத்தாள்.

31 மே, வெள்ளி

தொழுகைக்குப் போனேன். மனம் நிற்கவில்லை.

29ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். முன்பெல்லாம் செய்தது இரண்டு நாளில் மறந்து போகும். இப்போது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தலையை ஆட்டினேன். அதற்கும் ஆட்டினேன். என் கோணல் எழுத்தில்.

2 ஜூன், ஞாயிறு

பாடத்துக்குப் போனேன். வீடு காலி. டா.அ. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுப்புப் பாத்திரம் எல்லாம் மூட்டையில். வீட்டுக்கு அடுத்து வரப்போகிறவர்கள் வந்து ஜன்னல்களை அளந்துவிட்டுப் போனார்களாம், இன்னும் போகவில்லையா என்கிற மாதிரி பார்த்தார்களாம்.

தம்பியிடமிருந்து பதில் தந்தி வந்திருந்தது. இங்கிலீஷ். எனக்காகத் தமிழில் சொன்னார். அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. காத்திருக்கிறேன் என்று.

"பொண்டாட்டி போன பொறகு தனியாத்தாங்க இருக்கான். நான் கெளம்பறேன்னு எழுதுன நாள்ல இருந்து தெனமும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கறானாம். வேலக்காரி எழுதச் சொல்லி யாரோ எழுதியிருக்காங்க."

எனக்கு அந்த நாற்காலி தெரியும். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

வாயால் சொல்ல ஏலவில்லை. பாட நேரத்தில் நோட்டைப் பிரித்து 29ஆம் தேதிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். பழக்கதோஷம், சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் சுழித்தார்.

"மூணு தப்பு இருக்குங்க பாய். ரெண்டு எழுத்துல."

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். சாயா வரவில்லை. நான் எழுந்தபோது, "பத்து நாளுக்குள்ள மழை வந்துரும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"ஒம்பதாந்தேதி நீங்க போவீகம்மா" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கும் தெரியாது.

3 ஜூன், திங்கள்

செய்ய வேண்டியது:

1. பின் ஆணி முழுதும் பிடுங்கி, மடிப்பைப் பிரித்தால் இரண்டு விரல் கிடைக்கும்.
2. நடு வளைவைக் கண்பத் அரை விரல் இழைத்தால் துணி அந்த அளவுக்கு முன்னால் வரும்.
3. மீதி ஒன்றரை விரல் வெயிலிடம் வாங்க வேண்டும். கித்தான் உச்சி வெயிலில் காய்ந்தால் கொஞ்சம் கொடுக்கும். சூட்டிலேயே இழுக்க வேண்டும்.

ஒன்றும் இரண்டும் முடிந்தது. என்ன நடந்தது என்று கண்பத்திடம் சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். உளியைத் துடைத்துக்கொண்டே, தன் முதல் கதவு வாசலுக்குள் நுழையவேயில்லை, வாசலை இடித்தார்கள் என்றான்.

மூன்றாவது முடியவில்லை. மத்தியானம் மேகம்.

4 ஜூன், செவ்வாய்

மேகம். காருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். டா.அ. வெளியே வரவில்லை.

5 ஜூன், புதன்

காலை மேகம். பன்னிரண்டரைக்கு விலகியது. காரை வெயிலில் தள்ளினோம், நானும் கண்பத்தும். ஒரு மணி நேரம் காய்ந்தது. கை வைத்தால் சுடுகிற பதம்.

துணியை முன்னால் இழுத்துப் பிடிக்க இரண்டு பேர், உள்ளேயிருந்து கொக்கி மாட்ட ஒரு ஆள். ஆள் இல்லை. கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன், டா.அ. செருப்பில்லாமல் ஓடி வந்து கார் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

"இழுங்க" என்றார் உள்ளேயிருந்து.

இழுத்தோம். என் வாயில் ஆணி இல்லை. வேண்டுமென்றே சட்டைப் பையில் போட்டிருந்தேன். ஒரு விரல் வந்தது. விடாதீங்க என்று உள்ளேயிருந்து குரல். இன்னும் அரை விரல். கொக்கி விழுந்த சத்தம், முதலில் வலது, அப்புறம் இடது. துணி மேளம் மாதிரி நின்றது. தட்டிப் பார்த்தேன், சத்தமும் மேளம்தான்.

கதவைத் திறந்து இறங்கியவர் முகமெல்லாம் வேர்வை. "உள்ளாற அடுப்பாட்டம் இருக்குது" என்றார். வேலைப் பேச்சைத் தவிர, மூன்று நாளில் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. அப்புறம் சாயா வந்தது, மூன்று பேருக்கும்.

6 ஜூன், வியாழன்

எட்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். பின் ஜன்னல் மூலையில் சொட்டு. பசை வைத்தேன். மறுபடி எட்டு வாளி. சொட்டு இல்லை. கண்பத் எனக்கும் ஒரு வாளி ஊற்றினான்.

பம்பாய்க் கடைக்கு எழுதிய கடிதத்தை டா.அ. என் கண் முன்னால் கிழித்தார். நல்லவேளை தபாலில் போடவில்லை. தம்பிக்கு மறு தந்தி போய்விட்டது.

8 ஜூன், சனி

துணி மூடியிருக்கும்போது, காரின் மேல் நூல் பிடித்து அளவெடுத்தேன். முறையாக. வளைவுக்கு ஒரு முடிச்சு. அந்த நூலையும் ஒரு சீட்டையும் சேர்த்துச் சுருட்டி, காருக்குள் சின்ன அறையில் வைத்தேன். சீட்டில் எழுதியது:

"அடுத்துத் தைப்பவருக்கு. இதுதான் அளவு. பழைய துணியை அளக்க வேண்டாம்."

ஊர் பேர் தெரியாத ஒரு ஆளுக்கு நான் எழுதிய முதல் எழுத்து. தப்பு இருக்கிறதா என்று டா.அ.விடம் காட்டவில்லை.

9 ஜூன், ஞாயிறு

ஆறு மணிக்குப் போய்விட்டேன். துணைக்கு டிரைவர் ஒருவர் வந்திருந்தார், டா.அ. அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

கிளம்பும் முன் கொக்கியை எடுத்து, மேல்துணியை மடித்துப் பின்னால் போட்டார். இரண்டு வாரப் பாடு. மடங்கிக் கிடந்தது.

"மழை வந்தாத்தாங்க போடோணும்" என்றார். "அது வரைக்கும் வானத்தப் பாத்துட்டே போறேன்."

ஒரு கட்டு கார்டு கொடுத்தார். அஞ்சல் கார்டு, இருபத்தைந்து. ஒவ்வொன்றிலும் கோயமுத்தூர் விலாசம் இங்கிலீஷில் அவரே எழுதியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதல்லவா. இருபத்தைந்து விலாசம் எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"வாரேம்மா" என்றேன். போவது அவர், நான் வாரேன் என்கிறேன். சிரித்தார். கார் திருப்பத்தில் திரும்பும் வரை அவர் நரைத்த தலை தெரிந்தது. துணி போட்டிருந்தால் தெரிந்திருக்காது.

ஞாயிறு. பாடம் இல்லை. கைக்கு வேலையில்லாமல் நாற்காலியை மட்டும் துடைத்தேன்.

10 ஜூன், திங்கள்

நாலு மணிக்கு மழை. முதல் மழை. ஏரவாடாத் தகரக் கூரையெல்லாம் ஒரே சத்தம். கண்பத் சந்தில் நனைந்துகொண்டே போகிறான், குடை கையில் இருக்கிறது, விரிக்கவில்லை.

அவர் இப்போது எந்த ஊர்? அங்கேயும் பெய்கிறதா? வண்டியை ஓரம் கட்டி, துணியை இழுத்து, கொக்கி மாட்டியிருப்பாரா? வலதுதான் முதலில் மாட்ட வேண்டும். சொன்னேனா?

கார்டு எழுதப் போகிறேன். இடம் கொஞ்சம், என் எழுத்து பெரிது. இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

"அம்மா. இங்கே மழை. கொக்கி வலது முதலில். பின் ஜன்னல் மூலை சொட்டுகிறதா? எழுதவும். தம்பிக்கு சலாம். நாற்காலியை உள்ளே எடுத்துப் போடச் சொல்லவும், நனையும். இடம் முடிந்தது. மீதி அடுத்த திங்கள் கார்டில். இன்னும் இருபத்து நாலு இருக்கிறது."