வக்கீலய்யாவுக்கு வராத தெலுங்கு

என் அன்பு நைனாவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது என்பதால், நீ உயிரோடு இருந்தவரை நான் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது அந்தக் கவலை இல்லை. உன் பெயரைச் சொல்லி எழுதுகிறேன், ஊரே படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. வக்கீலய்யா தேர்தலில் தோற்றுவிட்டார்.

வக்கீலாக இருந்தவர் நடுவில் எம்.எல்.ஏ. ஆனார், அதை விட்டு ஜட்ஜ் ஆனார். உன் வாயில் மட்டும் கடைசிவரை வக்கீலய்யாதான். முதல் தேர்தலில் பண்ணைக்காரர் வீட்டு ஜீப்பில் ஓட்டுக் கேட்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? கிருஷ்ணகிரிக் கடைவீதியில் தமிழ், எல்லைப் பக்கம் கன்னடம், நம் தெருவில் நம் தெலுங்கு. நம் வீட்டுக் களியையும் கீரைக் கடைசலையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "மா இல்லு மீதே சாமி" என்றாய். எங்கள் வீடு உங்களுடையது. வீடு தேடி வந்தவரிடம் நாம் வேறு என்ன சொல்வோம்? வாசலில் சைக்கிள் நின்றால் அதுவும் உங்களுடையதுதான் என்போம். அதை நம்பி யாரும் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனதில்லை.

பிறகு நிலத்து வழக்கு வந்தது. தாத்தா பாறையை உடைத்துக் கிணறு வெட்டியதற்காகப் பழைய பண்ணைக்காரர் வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலம் அது. அவர் மகன், இப்போதைய பண்ணைக்காரர், அது தன்னுடையது என்று கோர்ட்டுக்குப் போனார். கிருஷ்ணகிரி கோர்ட்டில் மேலே உட்கார்ந்திருப்பது வக்கீலய்யா என்று பார்த்ததும் உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம சோறு தின்னவரும்மா, நம்ம பாஷை தெரிஞ்சவரு" என்று என் காதில் சொன்னாய்.

கூண்டில் ஏறி நீ வாயைத் திறந்ததும் அவர் கையைத் தூக்கினார். "எனக்குத் தெலுங்கு வராது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்க."

நீ திகைத்துப்போனாய். ஆனாலும் எதிரில் பண்ணைக்காரர் நிற்கும்போது எடுத்த எடுப்பில் வழக்குப் பேச உனக்கு மனம் வரவில்லை. அவரைக் கும்பிட்டு, "பூமி மீதே சாமி", பூமி உங்களுடையது, என்று எப்போதும்போலத் தொடங்கினாய். அப்புறம்தான் கிணற்றைப் பற்றி, பாறைக்கு வைத்த வெடியில் தாத்தாவுக்குப் போன விரலைப் பற்றி, நிலம் கொடுத்தபோது கூட நின்றவர்களைப் பற்றியெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாய். மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும் ஒரே வரியாக்கினார். "நிலம் பண்ணைக்காரருடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறார்." நம் வக்கீல் எழுந்து மறுத்துப் பார்த்தார். "பதிவானது பதிவானதுதான், உட்காருங்க" என்று வக்கீலய்யா சொல்லிவிட்டார். உன்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நிலம் போனது. நாம் எல்லையோரம் ஜூஜுவாடிக்கு வந்தோம். நான் பெங்களூர் ரோட்டில் டீக்கடை போட்டேன், நீ அடுத்தவன் குவாரியில் கல் உடைத்தாய். உன்னைக் கொன்றது அந்தத் தூசி என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. சாகிற அன்று கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அந்த வார்த்தைய சொல்லாம இருந்திருக்கணுமாம்மா?" என்றுதானே கேட்டாய். நிலத்தைப் பிடுங்கியதோடு விட்டார்களா? உன் வாயால்தான் போயிற்று என்று உன்னையே நம்ப வைத்து அனுப்பினார்களே. அதை எனக்கு மன்னிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை.

இந்தத் தேர்தலுக்கு ஜட்ஜ் உத்தியோகத்தை விட்டுவிட்டு மறுபடி நின்றார். மந்திரி பதவி என்று யாரோ ஆசை காட்டியதாகப் பேச்சு. நம் கடைக்கு எதிரே லாரி நிற்கும் இடத்தில் கூட்டம். பாதிப் பேர் உன்னோடு கல் உடைத்தவர்கள். மாலையை வாங்கிக்கொண்டு அழகான தெலுங்கில் ஆரம்பித்தார். நான் கரண்டியோடு எழுந்து போனேன்.

"சாமிக்குத் தெலுங்கு வராதுங்களே. கோர்ட்டுல நீங்கதானே சொன்னீங்க?"

"யாரும்மா நீ?"

"கூண்டுல நின்னு பேசினவரோட மகளுங்க. நீங்க பேசுங்க, நான் மொழிபெயர்க்கறேன்."

அவர் ஆட்கள் என்னை இழுக்க வந்தார்கள். உன்னோடு கல் உடைத்தவர்கள் குறுக்கே நின்று நகரவில்லை. வேறு வழியில்லாமல் அவர் ரோடு, பள்ளிக்கூடம், கிணற்றுக் கடன் என்று நெடுநேரம் பேசினார். முடித்ததும் நான் சொன்னேன். "ஓட்டு வேணுமாம்."

கூட்டம் சிரித்தது. சமாளிக்க வேண்டுமே என்று அவர் கையைக் கூப்பி, குழைந்து, "மா இல்லு மீதே" என்றார். அதற்காகத்தான் காத்திருந்தேன் நைனா.

"அவரு வீடு நம்முளுதுன்னு ஒப்புக்கறாரு. எல்லாரும் பதிவு பண்ணிக்குங்க."

"எப்பக் குடி போலாம்னு கேளும்மா" என்றான் ஒருவன். வக்கீலய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது மரியாதைக்குச் சொல்றதும்மா, அது கூடத் தெரியாதா?" என்று கத்தினார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நின்றார். எனக்கு மட்டுமில்லை, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவில்லை.

அவருக்குத் தெரியும் நைனா. அன்றைக்கும் தெரிந்திருந்தது. சாகும்போது நீ கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான். நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

நிலம் திரும்பி வரவில்லை. தோற்ற பிறகு ஒரு நாள் அவர் கார் நம் கடை முன்னால் நின்றது. என்னைப் பார்த்தும் இறங்கினார், ஒரு டீ கேட்டார். பால் கொதித்துக்கொண்டிருந்தது. பால் இல்லை என்றேன். உட்காரச் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

உன் வார்த்தையை நான் விடமாட்டேன். கடைக்கு வருகிற லாரிக்காரன், கல் உடைக்கிறவன், வழி தவறி வந்தவன், எல்லோரிடமும் "உங்க கடைதான், உக்காருங்க" என்று சொல்வேன். அவர் மறுபடி எந்த ஊரில் மேடை ஏறினாலும் மொழிபெயர்க்கப் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கூண்டில் நீ பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மறக்காத,
உன் மகள்