உன் வீட்டு ஹீட்டர்

மச்சான்,

உன் பையை இன்றைக்குத்தான் திறந்தேன். நாளைக்குத் திருவதிகையில் ஒரு வீட்டில் குளிக்கத் தண்ணீர் சுட வைக்கிற கேஸ் ஹீட்டர் மாட்ட வேண்டும். இனிமேல் உன் வேலையையும் நானே செய்தாக வேண்டும் என்பதால் ஸ்பேனர் எடுக்கக் கையை விட்டேன். அடியில் அந்த பிளாஸ்டிக் டப்பா இருந்தது. மூடியை நெம்பினால் காய்ந்துபோன சிவப்பு சோப்பும் உன் பழைய ஷேவிங் பிரஷ்ஷும். கேஸ் இணைப்புப் போட்ட இடத்திலெல்லாம் இந்த பிரஷ்ஷால் நுரையைத் தடவிவிட்டு, குமிழ் கிளம்புகிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

"மூஞ்சிக்குத் தேய்க்கிறத கொழாய்க்குத் தேய்க்கிறியே, கஸ்டமர் பாத்தா சிரிக்க மாட்டானா?" என்று கேட்டிருக்கிறேன்.

"சிரிக்கட்டும் மச்சான், உசுரோட சிரிக்கட்டும்."

சோப்பு வாசனை அப்படியே இருந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்கு ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நீ சிதம்பரம், நான் கடலூர் முதுநகர். கேஸ் உன்னுடையது, தண்ணீர் என்னுடையது. பண்ருட்டி, மங்கலம்பேட்டை என்று ஒரே பைக்கில் சுற்றினோம். சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். எனக்கு வாய் ஜாஸ்தி, உனக்குப் பொறுமை ஜாஸ்தி. பிறகு என் தங்கை விஜயாவைக் கட்டிக்கொண்டாய். அதற்கு முன்னாலேயே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், அதனால் வாய்க்குப் புதிதாக எந்த வேலையும் வரவில்லை.

நெஞ்சு அடைக்கிறது என்று நீ சாயங்காலம் சொன்னாய், ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்குள் போய்விட்டாய். பந்தல்காரனுக்குப் போன் செய்தது நான். ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, மாலைக்கு ஆள் அனுப்பியது, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது எல்லாம் நான்தான். "ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு இவன் கண்ணுல" என்று என் பெரியம்மாவே சொன்னாள். வரவில்லைதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருப்பது தெரியும், தொட்டால் தெரியாது, அப்படி இருந்தேன். மரப்பு இறங்கிவிடும் என்று நினைத்தேன். காரியம் முடிந்தது, மழைக்காலமும் முடிந்தது.

உன் வீட்டுக்கு ஹீட்டர் மாட்டிய கதை ஞாபகம் இருக்கிறதா? ஊரெல்லாம் மாட்டிவிட்டு உன் வீட்டுக்கு மட்டும் நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தாய். "ஊருக்கெல்லாம் சுடுதண்ணி, எனக்கு மட்டும் வெறகு அடுப்பா? நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று விஜயா கரண்டியோடு நின்ற பிறகுதான் மாட்டினாய். அதிலும் சண்டை. குளியலறைக்கு உள்ளேயே மாட்டினால் பைப் மிச்சம் என்றேன் நான். நீ கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், வானம் பார்த்த முற்றத்தில், வெளிச்சுவரில்தான் மாட்டுவேன் என்றாய்.

"அவ்ளோ தூரம் பைப்பு ஓடுனா சூடு வழியிலேயே போயிடும்யா."

"போனா போவட்டும் மச்சான். பொக வெளியில போவணும் இல்ல?"

மாட்டி முடித்த வீடுகளில் எல்லாம் நீ ஒரு பிரசங்கம் செய்வாய். வீட்டுக்காரம்மாவை வரச்சொல்லி, முன்னால் நிற்கவைத்து, நிதானமாக ஆரம்பிப்பாய்: "அம்மா, இதுவும் நம்மள மாதிரி மூச்சு விடுற சாமான். விடுற மூச்சு வெளியில போவணும். சுத்தி மூடாதீங்க, மேல மூடாதீங்க. தீ ஊதாவா எரியணும், மஞ்சளா எரிஞ்சா நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க. கேஸ் கசிஞ்சா நாத்தம் காட்டிக் கொடுத்துடும். இந்தப் பொகைக்கு வாசனையே கெடையாது, தல சுத்தும், அவ்ளோதான்." சொல்லிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்று அந்த அம்மாவைத் திருப்பிச் சொல்ல வைப்பாய். நான் வெளியே பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். பரீட்சை வைக்காமல் வரமாட்டான் என்று எரிச்சலாக வரும்.

போன மாதம் உன் மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள். "மாமா, அம்மா சரியில்ல. தல சுத்துது, வாந்தி வருது, சாப்புட மாட்டேங்குறாங்க. நேத்து ஹால்ல வுழுந்துட்டாங்களாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. வீட்டப் பூட்டிட்டு இங்க இட்டாந்துடலாம்னு இருக்கேன்." டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். புருஷன் போன துக்கம், உடம்பு தளர்ந்திருக்கிறது என்று சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுத்திருக்கிறார். துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது என்றால் நீ நம்புவாயா?

மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போனேன். விஜயா பாதியாகிப் போயிருந்தாள். முகம் வெளுத்து, கண்ணைச் சுற்றிக் கறுத்து. என்னைப் பார்த்ததும், "குளிச்சிட்டு வந்து தோச ஊத்துறேன் அண்ணா, உக்காரு" என்று உள்ளே போனாள்.

சமையலறையில் உட்கார்ந்தேன். குளியலறையில் குழாய் கொட்டுகிற சத்தம். நேரம் போகிறது, குழாய் நிற்கவில்லை. காதைத் தீட்டினால் தண்ணீர் சத்தத்துக்கு அடியில் அவள் அழுகிற சத்தம். தெருவுக்குக் கேட்காமல் அழ அவளுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான் என்று புரிந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்திருக்க மனமில்லாமல் பின்பக்கக் கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனேன்.

முற்றத்தில் வானம் இல்லை, மச்சான்.

மேலே தகரம். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பிளாஸ்டிக் ஷீட் வைத்து அடித்திருந்தது. நீ போன பிறகு தனியாகப் படுக்கப் பயந்திருக்கிறாள். சுவர் ஏறி யாராவது குதித்தால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, மழைச்சாரலுக்கும் ஆச்சு என்று வெல்டிங் பட்டறைக்காரனை வைத்து மூடியிருக்கிறாள். அந்த மூடின அறைக்குள் உன் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதன் சின்னக் கண்ணாடி வழியாகத் தீயைப் பார்த்தேன். மஞ்சள். மேல்மூடியில் விரலை வைத்தால் கரி. பக்கத்திலேயே குளியலறையின் வென்டிலேட்டர். ஹீட்டர் விட்ட மூச்செல்லாம் போக வேறு வழியில்லாமல் அந்த ஓட்டை வழியாக அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தது. நின்ற கொஞ்ச நேரத்தில் எனக்கே நெற்றிப்பொட்டு தெறித்தது.

சிலிண்டரை மூடிவிட்டு ஓடிப்போய்க் குளியலறைக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன்.

"விஜயா, கதவத் தொற. இருக்கிற மேனிக்கு வெளிய வா."

மறுபடியும் தட்டினேன். கொஞ்சம் பொறுத்துத் தாழ்ப்பாள் விலகியது. ஈரத்தோடு நைட்டியைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வந்தாள், வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி வாசலில் கொண்டுபோய்க் காற்றில் போட்டேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கில் மாஸ்க் போட்டுப் படுக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், போதும் சார் என்று சொல்லிவிட்டேன். அவளை உன் மகள் வந்து பார்த்துக்கொண்டாள். நான் திரும்பிப் போய் அந்தத் தகரத்தைக் கழற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து, "புதுசா போட்டத ஏன் பிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்து இரண்டொரு நாளில் விஜயா எழுந்து நடமாடினாள். ஒரு காலையில் எனக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்ப அது துக்கம் இல்லியா அண்ணா?"

"ஹீட்டர் பொகம்மா. டாக்டரே சொன்னாரு இல்ல?"

"நான் அவருதான் கூப்புடுறாருன்னு நெனச்சேன்."

காபியைக் கீழே வைத்தேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "குளிக்கப் போனாதான் அப்படி ஆவும். கண்ணு இருட்டிக்கிட்டு வரும், கை கால் எல்லாம் லேசாயிடும். சரி, கிட்ட வந்துட்டாருன்னு இருக்கும். அதான் யாருகிட்டயும் சரியா சொல்லல. சொன்னா தடுத்துடுவீங்க இல்ல."

அவளை எழுப்பி முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். உன் பிரசங்கத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அத்தனை வருஷம் ஹாரன் அடித்துக்கொண்டே கேட்டது எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூச்சு விடுகிற சாமான், சுற்றி மூடாதே, ஊதாத் தீ, மஞ்சள் தீ, வாசனை இல்லாத புகை. முடித்துவிட்டு "இப்ப நீ சொல்லு" என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னாள்.

சொல்லிவிட்டுக் கேட்டாள். "இத எல்லார் வீட்லயும் சொல்லுவாரா?"

"ஒரு வீடு வுடமாட்டான்."

"எனக்குச் சொல்லவே இல்லியே அண்ணா."

வீட்டில்தான் நீ இருந்தாயே, அவளுக்கு எதற்கு என்று நினைத்திருப்பாய். பேட்டரி தீர்ந்தால் நீ மாற்றினாய், உப்புப் படிந்தால் நீ கழுவினாய், தீ என்ன நிறத்தில் எரிகிறது என்று நீ பார்த்தாய். ஊரில் இருக்கிற பொம்பளைகளுக்கெல்லாம் பரீட்சை வைத்தவன் கட்டினவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. அந்த இடத்தில் உன்மேல் எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது மச்சான். நீ எதிரில் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நீ போன பிறகு எனக்குள் அசைந்த முதல் சமாச்சாரம் அதுதான். அது அப்படியே அழுகையாக மாறிவிடும் என்று உன் முற்றத்துச் சுவரில் சாய்ந்து நின்றேன். மாறவில்லை. சாயங்காலத்துக்குள் கோபமும் போய்விட்டது.

விஜயா வீட்டைப் பூட்டவில்லை, மகளோடு போகவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். இப்போதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுகிறாள். அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மாவு அரைக்கப் போகிறாள். தலைசுற்றல் திரும்ப வரவே இல்லை.

அவளுக்குத் தகரத்தைக் கழற்றினேன், சரியாகிவிட்டாள். நான் நாள் முழுக்க ஊரான் வீட்டு மொட்டைமாடியில், வெட்டவெளியில்தான் நிற்கிறேன் மச்சான். காற்று நன்றாகத்தான் வருகிறது. எனக்கு எதைக் கழற்றுவது என்றுதான் தெரியவில்லை.